சோலைக்காடு என்றால் என்ன? தஞ்சாவூர் வயலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்கா போன்ற உயர்மலைகளில், பள்ளத்தாக்கு மடிப்புகளில் மட்டும் அடர்ந்து நிற்கும் குட்டைமரக் காடுதான் சோலை. சுற்றிலும் புல்வெளி, வரையாடு மேய்வது அங்கேதான்.

மரங்கள் ஏன் மேடேறுவதில்லை? திறந்த சரிவில் குளிர்கால இரவுகளில் உறைபனி விழும். மரக்கன்று கருகிச் சாகும். புல்லோ கருகினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

சோலைக்குள் மட்கிய இலைப்படுகை, கத்திரிப் பாத்தியில் நாம் பரப்பும் வைக்கோல் மூடாக்கு மாதிரி. மழையை மண்ணுக்குள் இறக்கி, ஓடைக்கு மெல்லக் கசியவிடும். அந்த ஓடைகளில் பல பவானியில் கலந்து, மேட்டூருக்குக் கீழே கூடுதுறையில் காவிரியைச் சேர்கின்றன. (டெல்டாவுக்குப் பெரும்பங்கு மேட்டூர்த் தண்ணீர்தான், இது கூடுதல் வரவு.)

அந்தப் புல்வெளியைக் காடழிந்த தரிசு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது இயற்கையான நிலம். அங்கே சீகையும் (வாட்டில் மரம்) தைலமரமும் நட்டதில் வரையாட்டின் மேய்ச்சல்தான் சுருங்கியது.