வேலை தெரிந்தவருக்கு எதற்குப் பயிற்சி?

கேள்வி: கணக்குப் பிரிவில் 8 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிழையே வராது என்று பெயர். ஆறு மாதங்களுக்கு முன் அதே பிரிவுக்கு என்னை மேலாளராக்கினார்கள். எனக்குக் கீழே 11 பேர். அவர்கள் தரும் கணக்கில் தவறு இருந்தால், சொல்லத் தயங்கி நானே திருத்திவிடுகிறேன். வீடு போக இரவு ஒன்பது மணியாகிறது. இதற்குள் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மேலாளர்களுக்கான பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று கேட்டால், “வேலை தெரிந்த உங்களுக்கு எதற்குப் பயிற்சி?” என்கிறார் இயக்குநர். குறை என்னிடம்தானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை. உங்களுக்குத் தெரிந்த தொழில் கணக்கு. இப்போது உங்களிடம் கேட்கப்படுவது வேறொரு தொழில். அதை உங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

“நானே திருத்திவிடுகிறேன்” என்ற வரியைத் தாண்ட எனக்கு நேரமானது. நான் இயந்திரப் பட்டறையில் 31 ஆண்டுகள் இருந்தவன். உலோகத்தைக் கடையும் லேத் இயந்திரத்தில் கை தேர்ந்தவன் என்பதற்காகவே என்னை ஷிப்ட் மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். முதல் வாரத்திலேயே ஓர் இளைஞர் கடைந்த தண்டு அளவு குறைந்து வந்தது. எல்லோர் முன்னிலையிலும் அவரை ஒதுங்கச் சொல்லிவிட்டு, அடுத்த தண்டை நானே கடைந்து கொடுத்தேன். உதவி என்றுதான் நினைத்தேன். அதன்பின் அவர் சந்தேகம் கேட்டு என்னிடம் வரவே இல்லை. அளவு தப்பிய தண்டுகளை அவர் ஒளித்துவைத்து வந்தார் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தவறை மறைக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

எனக்குப் பயிற்சி கிடைத்தது இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தப் பாடத்தின் வேர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இருக்கிறது. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவம் மிக்கவர்கள் படைக்குப் போய்விட, இயந்திரத்தைத் தொட்டே பார்க்காதவர்கள் பெருமளவில் வேலைக்கு வந்தார்கள். அவர்களை உருவாக்க, முதலில் மேற்பார்வையாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் திட்டத்தை 1940 முதல் 1945 வரை அந்நாட்டு அரசு நடத்தியது. ஒரு பாடத்துக்கு மொத்தம் 10 மணி நேரம்தான். போருக்குப் பிறகு ஜப்பான் அதை எடுத்துக்கொண்டது, டொயோட்டாவும் பயன்படுத்தியது. கற்றுக்கொள்பவருக்கு வரவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பதுதான் அதன் அடிப்படை. முதலில் ஆளைத் தயார்செய்ய வேண்டும், பிறகு செய்துகாட்ட வேண்டும், அவரையே செய்யச் சொல்ல வேண்டும், அதன்பின்னும் போய்ப் பார்க்க வேண்டும். அந்த இளைஞரிடம் நான் இரண்டாவதை மட்டும், அதுவும் மோசமாகச் செய்திருந்தேன்.

உங்கள் இயக்குநரின் நம்பிக்கை பல நிறுவனங்களில் இருப்பதுதான். அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களைப் பற்றி 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. அதிகம் விற்றவர்களுக்கே மேலாளர் பதவி கிடைத்தது; ஆனால் அவர்களுக்குக் கீழே வேலை செய்தவர்களின் விற்பனை குறைந்தது. திறமைக்குப் பரிசாகப் பதவியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பதவிக்கு வேண்டிய திறமையைக் கொடுக்காமல் விடுவது அநியாயம். பதவி பெற்றவருக்கும் அநியாயம், அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கும் அநியாயம்.

பயிற்சி என்றால் நாள் முழுக்க உட்கார்ந்து சொற்பொழிவு கேட்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். தவறைச் சொல்வது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, மறுப்பது ஆகியவற்றை வாய்விட்டுப் பேசிப் பழக வேண்டும். பக்கத்தில் இருந்து திருத்த ஒருவர் வேண்டும். நீச்சலைப் போலத்தான் இதுவும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த முறை தவறு வரும்போது அதைத் திருத்தாமல், உரியவரைத் தனியே அழைத்து, இந்தத் தொகை எப்படி வந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். பாதியிலேயே பலர் தாமே கண்டுபிடித்துவிடுவார்கள். திருத்துவது அவர் கையாலேயே நடக்கட்டும். ஒரு வாரம் கழித்து அதே வேலையை மீண்டும் பாருங்கள்.

மற்றவர்களின் பிழைகளைத் திருத்த எத்தனை மணி நேரம் செலவாகிறது என்று ஒரு மாதம் குறித்து வாருங்கள். விலகிய இருவரின் இடத்துக்கு ஆள் எடுத்துப் பழக்கும் செலவையும் சேர்த்து, பயிற்சிக்கான தொகைக்குப் பக்கத்தில் எழுதி இயக்குநரிடம் கொடுங்கள். கணக்கில் உங்களை அவர் நம்புகிறார் அல்லவா? என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.