சங்கம் வைத்துப் பொறியியல் வளர்க்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பொறியியல் கல்லூரிகளின் மாணவர் சங்கங்கள் நடத்தும் பயிலரங்கம், போட்டி, சிம்போசியம் பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் மெக்கானிக்கல் சங்கம் முதலாம் ஆண்டினருக்கு லைன் ஃபாலோயர் ரோபோ (தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் வண்டி) வொர்க்‌ஷாப் நடத்தியது. எல்லாருக்கும் ஒரே கிட், ஒரே புரோகிராம். ஆனாலும் பாதி வண்டிகள் கோட்டில் ஓடவே இல்லை. சில வண்டிகள் விட்டுவிட்டு ஓடின. எங்கே தவறு?
– மூன்றாம் ஆண்டு மாணவர், சேலம்

பதில்: விட்டுவிட்டு ஓடினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். விலை குறைவு என்று பல கிட்களில் 9 வோல்ட் சதுர பேட்டரியைத்தான் வைக்கிறார்கள். அதன் உள்மின்தடை அதிகம். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட்டை அதனால் தர முடியாது. வோல்டேஜ் சரிந்து, வண்டியை இயக்கும் சிறு கணினி போர்டான ஆர்டுயினோ ரீசெட் ஆகும், எழுந்ததும் மறுபடி மோட்டாரை ஓட்டப் பார்க்கும், மறுபடி சரியும். மோட்டார் கிளம்பும்போதெல்லாம் போர்டில் ‘எல்’ என்று குறித்திருக்கும் சின்ன எல்.இ.டி. படபடவென்று மினுங்கினால் சந்தேகமே வேண்டாம், இதுதான் காரணம். புரோகிராமில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

18650 லித்தியம் செல் இரண்டைத் தொடராக இணைத்துக் கொடுங்கள். முழு சார்ஜில் 8.4 வோல்ட் வரும். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர் போர்டு தன் பங்குக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 6 வோல்ட் அளவில் மஞ்சள் நிற பி.ஓ. மோட்டாருக்குப் போகும்; அதற்கு அது போதும். செல்லை ஹோல்டரில் தலைகீழாகப் போடாமல் பார்க்க ஒரு சீனியர் நிற்கட்டும். லித்தியம் செல் ஷார்ட் ஆனால் நொடியில் சூடேறும்.

அடுத்தது கிரவுண்ட் வயர். மோட்டார் டிரைவரின் கிரவுண்டும் ஆர்டுயினோவின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இந்த ஒரு வயர் விட்டுப்போனால் சிக்னலுக்கு அர்த்தமே இல்லை. மோட்டார் அசையாது, அல்லது தன் போக்கில் சுற்றும். வண்டி ஒரே இடத்தில் பம்பரமாகச் சுற்றினால் ஒரு மோட்டாரின் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன. ஸ்க்ரூவைத் தளர்த்தி மாற்றிப் போட்டால் முடிந்தது.

இனி ‘ஒரே புரோகிராம்’ விஷயத்துக்கு வருவோம். உண்மையில் பாதி வண்டிகள் கோட்டைத் தவறவிட்டதற்கு அதுவே காரணமாக இருக்கும். தரையில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து கோட்டைக் கண்டறியும் டி.சி.ஆர்.டி. 5000 சென்சார் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மதிப்பைக் காட்டும். தரையிலிருந்து அது இருக்கும் உயரம் கொஞ்சம் மாறினாலும் மதிப்பு மாறும். அதற்கு மிகவும் ஒத்துவரும் தூரம் 2.5 மி.மீ.; 10 மி.மீ.க்கு மேல் தூக்கி வைத்தால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் மங்கிவிடும். ஜன்னல் வெயில் ட்ராக்கில் விழுந்தாலும், பளபளக்கும் ஃப்ளெக்ஸ் துணியில் ட்ராக் போட்டாலும் கணக்கு கெடும். ஆகவே வெள்ளையில் என்ன எண், கறுப்பு டேப்பில் என்ன எண் என்று ஒவ்வொரு குழுவும் சீரியல் மானிட்டரில் (ஆர்டுயினோ அனுப்பும் எண்களைக் கணினியில் காட்டும் திரை) தானே பார்த்து, நடு எண்ணைத் தன் புரோகிராமில் போட வேண்டும். வெள்ளையில் 80, கறுப்பில் 720 என்றால் நடு எண் 400. இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பயிலரங்கத்தில் மாணவர் கற்கும் முக்கியமான பாடமே இதுதான். அதைச் சீனியர் செய்து கொடுத்துவிடக் கூடாது.

இரண்டு சென்சார் வண்டியானால் சென்சார்களின் இடைவெளி டேப்பின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். 19 மி.மீ. இன்சுலேஷன் டேப்புக்கு 25 முதல் 30 மி.மீ. சரியாக இருக்கும்.

ஒரு கிட்டுக்கு இரண்டு பேர் போதும். நாலு பேரானால் இருவர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஆர்டுயினோ மென்பொருளையும், குறைந்த விலை போர்டுகளைக் கணினி அடையாளம் காண வேண்டிய சி.எச்.340 டிரைவர் மென்பொருளையும் முந்தின நாளே பென் டிரைவில் ஏற்றி வையுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் டவுன்லோட் செய்தால் கல்லூரி வைஃபை தாங்காது, காலை அமர்வு அதிலேயே போய்விடும்.

கேள்வி: ஐஸ்க்ரீம் குச்சியில் பாலம் கட்டும் போட்டி நடத்துகிறோம். பெரும்பாலான பாலங்கள் எடை ஏற்றும்போது திடீரென்று பக்கவாட்டில் சாய்ந்து உடைகின்றன. போட்டி விதியை எப்படி அமைக்கலாம்?
– சிவில் துறை மாணவி, திருநெல்வேலி

பதில்: குச்சி நசுங்கி உடைவது அபூர்வம். மேல் பக்கத்துக் குச்சிகள் அழுத்தத்தைத் தாங்குகின்றன. மெலிந்து நீண்ட உறுப்பு அழுத்தத்தில் வளைந்துவிடும். ஆய்லரின் சூத்திரப்படி நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் சுமை நாலில் ஒரு பங்காகக் குறையும். அதனால் மேல் உறுப்புகளில் இரண்டு குச்சிகளை நடுவில் துண்டு வைத்துச் சற்று இடைவெளியோடு ஒட்ட வேண்டும். இழுவிசை தாங்கும் கீழ் உறுப்புக்கு அது தேவையில்லை. அங்கே ஒட்டு விடாமல் இருந்தால் போதும். பக்கவாட்டில் சாய்வதற்கு வேறு காரணம்: இரண்டு பக்க ட்ரஸ்களையும் (முக்கோணங்களாகக் கோத்த சட்டங்கள்) மேலே இணைக்கும் குறுக்குக் குச்சிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவற்றையும் நேராக மட்டும் போடாமல் மூலைவிட்டமாகவும் போட வேண்டும்.

விதியில் பாலத்தின் இடைவெளியையும் குச்சிகளின் அதிகபட்ச எண்ணிக்கையையும் எழுதுங்கள். தாங்கிய எடையைப் பாலத்தின் எடையால் வகுத்து மதிப்பெண் கொடுங்கள். இல்லாவிட்டால் ஃபெவிகாலைக் கொட்டிக் கட்டியாக்கியவரே ஜெயிப்பார். வெள்ளைப் பசை முழு வலுவுக்கு வர 24 மணி நேரம் ஆகும், ஆகவே கட்டுவது ஒரு நாள், சோதனை மறுநாள். நடுவில் வாளியைத் தொங்கவிட்டு மணலை மெதுவாக, ஒரே சீராகக் கொட்டுங்கள். எடைக்கல்லைத் ‘தொப்’பென்று வைத்தால் அதிர்ச்சிச் சுமை சேர்ந்துகொண்டு நல்ல பாலமும் உடையும். கீழே பழைய மெத்தையோ மணல் மூட்டையோ போடுங்கள். சோதனை செய்பவர் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். குச்சிச் சிம்பு கண்ணுக்குத்தான் பாயும்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் ரேஸ் கார் அணி, மாணவர்களே கட்டும் கார்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டிக்குத் தயாராகிறது. கல்லூரி மைதானத்தில் பிரேக் சோதனை செய்தால் பின்சக்கரம் மட்டும் பூட்டுகிறது (சுற்றாமல் நின்றுவிடுகிறது), முன்சக்கரம் பூட்டவில்லை. பிரேக் பெடலும் மெத்தென்று இறங்குகிறது.
– இறுதியாண்டு மாணவர், ஈரோடு

பதில்: ஃபார்முலா பாரத் நடக்கும் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு வரும் அணிகளில் சில, ட்ராக்கில் இறங்காமலே ஊர் திரும்புவது தொழில்நுட்பப் பரிசோதனையில் தேறாததால்தான். நாலு சக்கரமும் பூட்டி, கார் நேராக நிற்க வேண்டும் என்பது விதி. நீங்கள் இப்போதே சோதித்துப் பார்த்தது நல்லது.

பெடல் மெத்தென்று இருந்தால் லைனில் காற்று இருக்கிறது. ப்ளீட் செய்தும் (திரவத்தோடு காற்றை வெளியேற்றியும்) போகவில்லையா? முன்சக்கர டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ப்ளீட் நிப்பிள் காலிப்பரின் மேல் முனையில் இருக்க வேண்டும். பைக் காலிப்பரைச் சக்கரத்தைத் தாங்கும் நம் அப்ரைட்டில் பொருத்தும்போது இடதும் வலதும் மாறிவிட்டாலோ, சாய்த்து மாட்டினாலோ நிப்பிள் கீழே போய்விடும். காற்றுக் குமிழ் மேலேயே தங்கிவிடும். எத்தனை பாட்டில் டாட் 4 பிரேக் திரவம் ஊற்றினாலும் அது வெளியேறாது. காலிப்பரைக் கழற்றி, பேட்களுக்கு நடுவில் டிஸ்க் கனத்துக்கு ஒரு தகட்டை வைத்து, நிப்பிள் மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு ப்ளீட் செய்யுங்கள். டாட் 4 பெயின்ட்டை அரிக்கும், காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். திறந்து வைத்த பழைய பாட்டிலை எடுக்காதீர்கள்.

காற்று போன பிறகும் முன்சக்கரம் பூட்டவில்லை என்றால் பெடலின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடும் பேலன்ஸ் பாரைத் திருப்பி முன் மாஸ்டர் சிலிண்டருக்குப் பங்கைக் கூட்டுங்கள். பிரேக் போடும்போது எடை முன்னே சாய்கிறது. முன் டயரின் பிடி கூடும்போது அதைப் பூட்ட அதிக விசை வேண்டும். புது பேட் என்றால் மிதமான வேகத்தில் பலமுறை பிரேக் போட்டு டிஸ்கோடு படிய வைத்த பிறகுதான் சோதிக்க வேண்டும்.

பரிசோதனையில் அணிகளை மாட்டிவிடும் மற்றவை: லாக்நட்டுக்கு வெளியே போல்ட்டின் இரண்டு மரைகளாவது தெரிய வேண்டும். ஓட்டுநர் ஒவ்வொருவரும் முழு உடையோடு 5 நொடிக்குள் காரிலிருந்து வெளியேற வேண்டும். காரை 60 டிகிரி சாய்க்கும்போது ஒரு சொட்டுகூட ஒழுகக் கூடாது. ஆகவே டேங்க் மூடியையும் கூலன்ட் கேட்ச் கேனையும் முன்கூட்டியே சாய்த்துப் பாருங்கள். பெட்ரோல் காரானால் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் 20 மி.மீ. ரெஸ்ட்ரிக்டரைத் தாண்டி எஞ்சின் பக்கம் காற்று கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ரெஸ்ட்ரிக்டரைக் கையால் மூடினால் எஞ்சின் அணைந்துவிட வேண்டும். அணையவில்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

கேள்வி: சிம்போசியம் பதிவுக் கட்டணத்தைப் பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணில் வாங்குகிறோம். இதில் சிக்கல் உண்டா?
– மாணவர் சங்கச் செயலாளர், மதுரை

பதில்: உண்டு, உடனே நிறுத்துங்கள். பொருளாளர் நேர்மையானவராகவே இருந்தாலும் அவருடைய சொந்தச் செலவும் சங்கப் பணமும் ஒரே கணக்கில் கலந்தால் எது எது என்று யாராலும் காட்ட முடியாது. பழி அவர் தலையில்தான் விழும். துறையின் மூலம் சங்கத்தின் பெயரில் கணக்குத் தொடங்கி, ஆசிரியப் பொறுப்பாளரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள். பதிவுப் படிவத்தில் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் கேட்காதீர்கள், அதை எடிட் செய்வது எளிது. யு.டி.ஆர். எண்ணை (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள தனி எண்) எழுதச் சொல்லி, தினமும் மாலையில் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பாருங்கள். ஒரே எண் இரண்டு பெயருக்கு வந்தால் எக்செல் தானே சிவப்பில் காட்டும்படி அமைக்கலாம். ஸ்பான்சர் பணம் வாக்குறுதியாக இருக்கும்வரை அதை நம்பி ஷீல்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: சீனியர்கள் போனதும் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?
– இரண்டாம் ஆண்டு மாணவி, வேலூர்

பதில்: பொறுப்பு மாற்றத்தை ஏப்ரல் கடைசியில் வைக்காதீர்கள். அப்போது தேர்வு, புராஜெக்ட் வைவா என்று சீனியருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஜனவரியிலேயே புது நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பருவத்தின் ஒரு நிகழ்ச்சியை அவர்கள் நடத்த, சீனியர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

ஜிமெயில், இன்ஸ்டா, டிரைவ் எல்லாம் சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். மீட்பு எண்ணாகச் சீனியரின் மொபைல் இருந்தால் ஓ.டி.பி. அவருக்கே போய்க்கொண்டிருக்கும், பொறுப்பு மாறும் அன்றே அதை மாற்றுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கம் எழுதி டிரைவில் போடுங்கள்: எந்த ஹால், யாரிடம் அனுமதிக் கடிதம், ஓ.டி. (நிகழ்ச்சிக்காக வகுப்புக்கு வராதவருக்கு வருகைப் பதிவு) பட்டியலை எத்தனை நாள் முன்னால் கொடுத்தோம், என்ன வாங்கினோம், என்ன விலை, எது மிஞ்சியது, எது சொதப்பியது. மிஞ்சிய சென்சாரையும் மோட்டாரையும் எண்ணி, டப்பாவில் பெயர் ஒட்டி, பீரோ சாவியோடு புதுப் பொருளாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். லித்தியம் செல்களை முழு சார்ஜிலோ காலியாகவோ வைக்காமல், ஒவ்வொன்றும் 3.7 வோல்ட் அளவில் இருக்கும்படி பார்த்து வைத்தால் விடுமுறை முடிந்து வரும்போதும் உயிரோடு இருக்கும்.