வாசகர் கேள்விகள்: ஒரே இலக்கு, திரையில் இரண்டு புள்ளிகள்

கேள்வி: மின்னணுவியல் இறுதியாண்டு படிக்கிறேன். பாதுகாப்புத் துறையில் விண்வெளி உணரிகளையும் தரை உணரிகளையும் ஒருங்கிணைக்கும் சிஸ்டம்ஸ் இன்ஜினியர் பணியைப் பற்றி அண்மையில் அறிந்தேன். செயற்கைக்கோளை ஒரு குழு செய்கிறது, ரேடாரை இன்னொரு குழு செய்கிறது, மென்பொருளை வேறொருவர் எழுதுகிறார். இவர்களுக்கு நடுவே அவருக்கு என்ன வேலை?

பதில்: நடுவே நிற்பதுதான் வேலை. ஓர் ஏவுகணை கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். 35,786 கி.மீ. உயரத்தில் புவிநிலைச் சுற்றுப்பாதையில் இருக்கும் செயற்கைக்கோள், அதன் தீப்பிழம்பின் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களில் கண்டுகொள்கிறது. ஆனால் ஒற்றைச் செயற்கைக்கோளுக்குத் திசை தெரியுமே தவிர, தொலைவு நேரடியாகத் தெரியாது. எரிபொருள் தீர்ந்து பிழம்பு அணைந்துவிட்டால் ஏவுகணையைப் பின்தொடர்வதும் கடினமாகிவிடும். தரையிலுள்ள ரேடார் தொலைவை நன்றாக அளக்கும் என்றாலும், பூமியின் வளைவு அதன் பார்வையை மறைக்கிறது. 100 மீட்டர் உயரத்தில் பறந்து வரும் ஒன்றைத் தரைமட்ட ரேடார் ஏறத்தாழ 40 கி.மீ. நெருக்கத்தில்தான் காண முடியும்.

ஆகவே முதலில் கண்டவர் அடுத்துக் காண வேண்டியவருக்கு, "இந்தத் திசையில், இந்த நேரத்தில், இவ்வளவு அகலத்தில் தேடு" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் செய்தியில் எந்தெந்த எண்கள் இருக்கும், அவற்றின் அலகு என்ன, எதிலிருந்து அளந்தவை, எத்தனை விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும், எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையெல்லாம் இடைமுக ஆவணமாக எழுதி, எல்லாக் குழுக்களையும் ஒப்புக்கொள்ள வைத்து, பிறகு அப்படித்தான் நடக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பவரே நீங்கள் கேட்கும் பொறியாளர்.

கேள்வி: இரண்டு உணரிகளும் தனித்தனியே துல்லியமானவை என்றால், இணைப்பதில் என்ன சிரமம்?

பதில்: நான் பணியிலிருந்தபோது ஒரு சோதனையில் ஒரே ஒரு விமானம் பறந்தது, திரையிலோ இரண்டு புள்ளிகள், ஒன்றன் பின் ஒன்றாக, இடைவெளி மாறாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டு குழுவினரும் தத்தம் கருவியின் துல்லிய அறிக்கையோடு வந்து, குறை மற்றவரிடம்தான் என்று சாதித்தார்கள். பிற்பகலில் ஒரு சக பணியாளர் அந்த இடைவெளியைக் காகிதத்தில் கணக்கிட்டார். நாலரை கி.மீ. விமானத்தின் வேகம் விநாடிக்கு 250 மீட்டர். வகுத்தால் சரியாக 18 விநாடி. அந்த எண்ணைப் பார்த்ததும் அறையில் இருந்த பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6-இல் தொடங்கி, பூமியின் சுழற்சிக்கு ஈடுகட்ட அவ்வப்போது கூட்டப்படும் லீப் விநாடிகளைச் சேர்க்காமல் ஓடுவது; உலகப் பொது நேரத்தில் அவை சேர்க்கப்படுகின்றன. 2017-இன் தொடக்கத்திலிருந்து இரண்டுக்கும் வேறுபாடு 18 விநாடி. ஒரு குழு ஜிபிஎஸ் நேரத்தையும், மற்றொரு குழு உலகப் பொது நேரத்தையும் பயன்படுத்தியிருந்தது. இருவர் கருவியிலும் குறையில்லை. ஆவணத்தில் "நேரம், விநாடியில்" என்று எழுதிவிட்டு, எந்த நேரம் என்று எழுதாமல் விட்டதில் எனக்கும் பங்குண்டு.

18 விநாடிப் பிழை கண்ணில் படும் அளவுக்குப் பெரியது என்பதால் அதை நல்ல பிழை என்றே சொல்வேன். தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 7.5 கி.மீ. செல்வதால், ஒரு மில்லிவிநாடி தவறினால்கூடத் தன் இடத்தை ஏழரை மீட்டர் தள்ளிக் குறித்துக்கொள்ளும். சிறிய பிழை சேர்ந்து பெரிதாவதற்கு வளைகுடாப் போரின்போது 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நடந்தது சான்று. வரும் ஏவுகணைகளை வானிலேயே தடுக்கும் அமெரிக்க பேட்ரியாட் அமைப்பின் கணினி, பத்தில் ஒரு விநாடி என்ற அளவை 24 பிட்டுக்குள் (இரும இலக்கங்களுக்குள்) அடக்கியபோது, முடிவின்றி நீளும் அந்த எண்ணின் வால்பகுதியை வெட்டிவிட்டது. நூறு மணி நேரம் தொடர்ந்து இயங்கியதில் அந்தத் துணுக்குகள் ஏறக்குறைய 0.34 விநாடியாகச் சேர்ந்து, வந்துகொண்டிருந்த ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையை அரை கி.மீ.க்கு மேல் தள்ளித் தேட வைத்தன. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

இடத்திலும் இதே கதைதான். ஒருவர் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து தருவார்; இன்னொருவர் பூமியின் வடிவமாக ஜிபிஎஸ் எடுத்துக்கொள்ளும் கணித நீள்கோளத்திலிருந்து தருவார். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இவ்விரண்டும் நூறு மீட்டருக்கு மேல் வேறுபடும். ரேடாரை நிறுவும்போது வடக்குத் திசையில் 0.1 பாகை பிசகினால், 400 கி.மீ. தொலைவிலுள்ள இலக்கு 700 மீட்டர் நகர்ந்து தெரியும்.

கேள்வி: உணரிகளின் எண்ணிக்கை கூடினால் நம்பகமும் கூடும் அல்லவா?

பதில்: அவை ஒன்றையொன்று சாராதிருந்தால் கூடும். ஒருவர் சொன்னதை நால்வர் வந்து திருப்பிச் சொன்னால் நான்கு சாட்சிகள் ஆகிவிடாது. ஒரே ரேடாரின் தகவல் இரண்டு வழிகளில் வந்துசேர்ந்து, கணினி அதை இரண்டு அளவீடுகளாக எண்ணிக்கொள்ளுமானால், பிழை குறைந்துவிட்டதாக அது பொய்யாக நம்பத் தொடங்கும்; தெளிவில்லாத படத்தைவிட இந்தப் பொய்யான உறுதி ஆபத்தானது.

1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கைச் செயற்கைக்கோள் அமைப்பு முதலில் ஓர் ஏவுகணையையும், பிறகு மேலும் நான்கையும் அறிவித்தது. பணியிலிருந்த அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவ் அதைத் தவறான எச்சரிக்கை என்று முடிவு செய்தார். தரை ரேடார்களில் எதுவும் தென்படவில்லை. உயர்ந்த மேகங்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளிதான் அந்த "ஏவுகணைகள்" என்பது பின்னர் தெரிந்தது. அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன், 1960 அக்டோபர் 5-இல், கிரீன்லாந்தின் தூலேயில் இருந்த அமெரிக்க எச்சரிக்கை ரேடார், உதித்துக்கொண்டிருந்த நிலவின் எதிரொலியைத் தாக்குதலாக எடுத்துக்கொண்டது. வானிலிருந்த கண்ணைச் சூரியன் ஏமாற்றியது. தரையிலிருந்த கண்ணை நிலா ஏமாற்றியது. இரண்டையும் ஒரே காரணம் ஒரே நேரத்தில் ஏமாற்றுவது அரிது என்பதே இவற்றை இணைப்பதன் பயன். தரவை ஒன்றாகக் கலக்கும் அவசரத்தில் இந்த வேறுபாட்டைத் துடைத்துவிடக் கூடாது; எந்தத் தகவல் எந்த உணரியிலிருந்து வந்தது என்பது முடிவெடுப்பவரின் திரைவரை சென்றாக வேண்டும்.

கேள்வி: மென்பொருள் சோதனையில் ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவள் நான். இத்துறைக்கு மாற முடியுமா? எதைப் படிக்க வேண்டும்?

பதில்: முடியும். பதிவுக் கோப்புகளை மணிக்கணக்கில் பொறுமையாகப் படித்த பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும். அதைக் கற்றுக்கொடுப்பதுதான் கடினம். நிகழ்தகவு, அணிக்கணிதம், ஆய அமைப்புகள் ஆகியவற்றில் அடித்தளம் வேண்டும். பிழையுள்ள அளவீடுகளிலிருந்து இலக்கின் நிலையை மதிப்பிட உதவும், 1960-இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட வடிகட்டி முறையை, ஆயத்த மென்பொருளை நாடாமல், நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். வேலையைப் பற்றி வீட்டில்கூடப் பேச இயலாது என்பதற்கும் மனத்தைப் பழக்கிக்கொள்ளுங்கள். நேர்காணலில் ஒரு ரேடாரையும் ஒரு செயற்கைக்கோளையும் கொடுத்து, எப்படி இணைப்பீர்கள் என்று கேட்டால், பலகையில் படம் வரையத் தொடங்குவதற்கு முன், இரண்டின் கடிகாரமும் எந்த நேரத்தைக் காட்டுகின்றன என்று திருப்பிக் கேளுங்கள்.