வந்தியத்தேவன் வந்த வழியில் பிள்ளைகளோடு

கேள்வி: மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. தினமும் இரவில் 'பொன்னியின் செல்வன்' வாசித்துக் காட்டி ஐந்து பாகமும் முடித்துவிட்டோம். மே விடுமுறையில் கதை நடந்த இடங்களுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். செங்கல்பட்டிலிருந்து சொந்தக் காரில் ஐந்து நாள் பயணம். வீராணம், கடம்பூர், பழையாறை, தஞ்சை, நாகை, கோடிக்கரை என்று எழுதி வைத்திருக்கிறோம். "போய்ப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது" என்கிறார்கள் தெரிந்தவர்கள். பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்களோ?
– ஒரு வாசகி

பதில்: மே மாதத்தில் போனால் ஏமாற வாய்ப்பு அதிகம். அதை முதலில் மாற்றுங்கள். கதை தொடங்குவதே ஆடிப்பெருக்கில், கரைபுரளும் தண்ணீரோடு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். அந்தத் தண்ணீர் கொள்ளிடத்தின் கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக வீராணத்துக்கு வந்து சேர வேண்டும். கோடையில் போனால் கடல்போல ஏரியைக் கற்பனை செய்து வைத்திருக்கும் பிள்ளைக்கு வெடித்த சேற்றைக் காட்ட நேரலாம். அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளிப்போடுங்கள். டிசம்பர் கடைசியில் மழை பெரும்பாலும் அடங்கியிருக்கும், ஏரியில் தண்ணீர் இருக்கும், கோடிக்கரைக்குப் பறவைகளும் வந்திருக்கும். கோயில்களில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

"ஒன்றுமே இல்லை" என்பது அரண்மனைகளைப் பொறுத்தவரை உண்மைதான். கடம்பூர் மாளிகையும் இல்லை, பழையாறை அரண்மனையும் இல்லை, பழுவேட்டரையர் காவல் காத்த தஞ்சைக் கோட்டையும் இல்லை. இதைப் பிள்ளைகளிடம் கிளம்புமுன்பே சொல்லிவிடுங்கள், காரணத்தோடு. 13-ஆம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தினான். இன்று தஞ்சையில் நிற்கும் அரண்மனை நாயக்கர், மராட்டியர் காலத்தது. அதைக் காட்டி "இதுதான் சுந்தர சோழர் இருந்த இடம்" என்று சொல்லிவிடாதீர்கள். 12 வயதுப் பெண் பலகையைப் படித்துவிடுவாள், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டாள்.

முதல் நாள் ஏரி மட்டும் போதும். காலை பத்து மணிக்குக் கிளம்பினால்கூட நேரம் இருக்கிறது. சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டைப் பக்கமாகத் தெற்கே போங்கள். தொண்டை நாட்டிலிருந்து வந்த வந்தியத்தேவனும் வடக்கிலிருந்து தெற்காகத்தான் வருகிறான். கரை கிழக்கே, ஏரி மேற்கே. அதனால் தண்ணீர் உங்கள் வலப்பக்கம் கூடவே வரும், சூரியனும் அந்தப் பக்கமே இறங்கும். கதையும் முன்மாலையில் தொடங்குகிறது என்பதால் நாலரை, ஐந்து மணிக்குக் கரையில் இருப்பதுபோலப் பார்த்துக்கொள்ளுங்கள். கார் நின்றதும், இறங்குமுன்பே, முதல் அத்தியாயத்தின் இரண்டு பக்கத்தை வாசியுங்கள். கரையில் நின்று வாசித்தால் பாதியைக் காற்று கொண்டுபோகும். இரண்டு பக்கத்துக்கு மேல் 9 வயதுப் பையன் நிற்கவும் மாட்டான். ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய் என்று கதையில் வருகிறதல்லவா? கண்ணில் படும் மதகுகளை அவனை எண்ணச் சொல்லுங்கள், ஆனால் காருக்குள் இருந்தபடி. திறந்த மதகின் அருகே தண்ணீர் உள்ளிழுக்கும். அங்கே பிள்ளைகளை இறக்கவே வேண்டாம்.

இரவு சிதம்பரத்தில் தங்கி, காலையில் காட்டுமன்னார்கோயிலுக்கு வாருங்கள். பலரும் தவறவிடும் இடம் அங்கே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் உறவினரது சொத்துகளைப் பறிமுதல் செய்ய ராஜராஜன் அனுப்பிய ஆணை அங்கே கல்வெட்டாக இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்கள் வரும். கதையில் ஆந்தைபோலக் கத்தும் ரவிதாசன் கல்லில் இருக்கிறான் என்றால் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்! எந்தச் சுவர் என்று கோயிலில் உள்ளவர்களைக் கேளுங்கள். கைபேசி விளக்கை நேராக அடித்தால் எழுத்து தெரியாது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். மாவோ சுண்ணாம்போ பூசக்கூடாது, கல் கெடும். நடை நண்பகலில் சாத்திவிடுவார்கள். எனவே இதை முடித்து, மேலக்கடம்பூரில் தேர்போல் சக்கரம் வைத்துக் கட்டிய கோயிலையும் பார்த்துவிட்டு, அணைக்கரை வழியாகக் கும்பகோணம் போய் அறையில் ஓய்வெடுங்கள்.

பழையாறைக்கு மாலை போதும். சோமநாதர் கோயிலைவிட ஊர்ப் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள்: சோழன்மாளிகை, ஆரியப்படையூர், பம்பப்படையூர். மாளிகையும் படைவீடுகளும் போய்விட்டன, பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

தஞ்சைப் பெரிய கோயில் கதைக்காலத்தில் கட்டப்படவே இல்லை, 1010-இல்தான் முடிந்தது. அதற்காக அதை விட்டுவிடாதீர்கள். கதையில் இளவரசனாக வரும் அருள்மொழி கட்டியது அது. குந்தவை தந்தைக்கும் தாய்க்கும் திருமேனி செய்து வைத்த செய்தி அங்கே கல்லில் இருக்கிறது. அவளை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்றே கல்வெட்டு சொல்கிறது. நந்தினியும் பூங்குழலியும் கற்பனை, வந்தியத்தேவன் நிஜம் என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வெறுங்காலுக்குத் தரை சுடும், நாலரைக்குப் பிறகு போங்கள்.

கோடிக்கரை கும்பகோணத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் போய்த் திரும்பினால் பிள்ளைகள் தூங்கியே கழிப்பார்கள். நான்காம் இரவு வேதாரண்யத்தில் தங்கி, மறுநாள் விடியலில் சரணாலயத்துக்குள் போங்கள். வெளிமானும் பூநாரையும் வெயிலேறுமுன்தான் நன்றாகத் தெரியும். குழகர் கோயில் இன்றும் இருக்கிறது. வந்தியத்தேவன் சிக்கிய புதைகுழியைப் பையன் கேட்பான். ஓதம் ஏறி இறங்கும் சேற்று நிலம் சுற்றிலும் உண்டு. மேலே காய்ந்த பொருக்கு, கீழே முழங்காலளவு சேறு. தடத்தை விட்டு இறங்கவேண்டாம்.

நாகையை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தின் மிச்சமாக நின்ற கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். நாகையில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உங்களுக்கு அது பக்கம்தான். ஊர் திரும்பியபின் ஒரு ஞாயிறன்று போய்வாருங்கள், வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை.