வீட்டுக்காரர் இறந்தபின் மகன்கள் இருவரும் வாடகை கேட்டால்

வீட்டுக்காரர் இறந்தபின் நான்கு மாதமாக மூத்த மகனிடம் வாடகை கொடுத்து வந்தீர்கள்; இப்போது இளையவரும் வாடகை கேட்டு, புதிய ஒப்பந்தத்தை நீட்டுகிறார் என்கிறீர்கள். இனி இருவரில் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வாடகையை நிறுத்தியும் வைக்க வேண்டாம். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய இயலாத வாடகைதாரர், வாடகை அதிகார அமைப்பிடம் (Rent Authority) பணத்தைச் செலுத்தலாம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது.

இறந்த வீட்டுக்காரர் உயில் எழுதாமல் போயிருப்பார், பாகப்பிரிவினையும் நடந்திருக்காது என்றே தோன்றுகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கிப் பாருங்கள். பத்திரம் யார் பெயரில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். வாரிசுச் சான்றின் நகலையும் இருவரிடமும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

மூத்தவரிடம் நல்லெண்ணத்தோடு இதுவரை கொடுத்த நான்கு மாத வாடகையை இளையவர் மறுபடி கேட்க முடியாது. சொத்து மாற்றச் சட்டத்தின் 50ஆம் பிரிவு உங்கள் பக்கம். ரசீது இல்லையென்றால் வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வையுங்கள். ஆனால் வாடகையில் தனக்கும் உரிமை உண்டு என்று இளையவர் எழுதிய கடிதம் கைக்கு வந்த பிறகும் மூத்தவரிடமே கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு ஆட்டம் காணும்.

ஒன்றில் கவனம்: இளையவர் நீட்டும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பூட்டை மாற்றுவேன் என்று மிரட்டினாலும், நீதிமன்ற உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள்.