கண்ணாடி அறைக்கு ஏசி போட்டும் குளிராதது ஏன்?

வெயில் கொளுத்தும் ஊரில் வீட்டை ஒட்டிக் கண்ணாடி அறை கட்டி ஏசி போட்டால் குளிருமா என்று கேட்கிறீர்கள். குளிரும். ஆனால் ஏசியைவிட முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடியை.

மேற்குப் பக்கம் 10 சதுர மீட்டர் சாதாரண ஒற்றைக் கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்கால வெயில் அதன்மேல் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுந்தால், 80 சதவீதமாவது உள்ளே வந்துவிடும். கிட்டத்தட்ட 5 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேற்றுவதோ சுமார் 3.5 கிலோவாட்தான். விழும் வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்று சொல்வது எஸ்.எச்.ஜி.சி. எண். அதே இடத்தில் இந்த எண் 0.25 உள்ள லோ-ஈ (வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு உள்ள) இரட்டைக் கண்ணாடி போட்டால் 1.5 கிலோவாட்டோடு நிற்கும். கடையில் கண்ணாடியின் நிறத்தைப் பார்த்து மயங்காமல் இந்த எஸ்.எச்.ஜி.சி. எண்ணைக் கேளுங்கள்.

கூரையைக் கண்ணாடியில் போடவே வேண்டாம். அழகாகத்தான் இருக்கும், உச்சி வெயிலில் உட்கார முடியாது. நடுவில் வெப்பம் தடுக்கும் நுரை வைத்த பஃப் பேனல் போதும். திரையை உள்ளே மாட்டினால் பயன் குறைவு, வெப்பம்தான் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டிவிட்டதே! மறைப்பு வெளியே இருக்கட்டும்.

வீட்டின் பொது ஏசி குழாயை இங்கே நீட்டாதீர்கள். வெப்பநிலையைப் பார்த்து ஏசியை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஹாலில் இருக்கும். ஹால் குளிர்ந்ததும் ஏசி நின்றுவிடும், இங்கே புழுங்கும். தனி இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி வையுங்கள், இடையில் இறுக்கமாக மூடும் கதவும் வேண்டும்.