பாவாடை கட்டிய காவல்காரர்கள்

கேள்வி: டிவியில் ஏதென்ஸ் காவல் வீரர்கள் மடிப்புப் பாவாடையும் குஞ்சம் வைத்த செருப்புமாக நடப்பதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அது என்ன உடை, ஐயா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சிரிக்கட்டும் அம்மா, நானும் சிரித்தவன்தான். அவர்கள் எவ்ஸோன் படையினர். நாடாளுமன்றத்தின் முன்னால் உள்ள பெயர் தெரியாத போர்வீரனின் நினைவிடத்தைக் காப்பவர்கள். கிரேக்க நாட்டு மலைப்பகுதிப் போராளிகள் 1821-இல் துருக்கிய ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியபோது கட்டியிருந்த உடைதான் அந்தப் பாவாடை. அதில் 400 மடிப்புகள். 400 ஆண்டு அடிமைத்தனத்தின் கணக்கு என்பார்கள். ஒரே ஒரு வேட்டியை இஸ்திரி போடவே எனக்கு அரைமணி நேரம் ஆகிறது! குஞ்சச் செருப்பையும் லேசாக நினைக்க வேண்டாம். அடியில் ஆணி அடித்தது, ஜோடி மூன்று கிலோ தேறும்.

அந்தப் போரின் நினைவாக மார்ச் 25 கிரேக்கர்களுக்குத் தேசிய நாள். எனக்குப் பிடித்தது அன்றைய சாப்பாடுதான். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம் என்றாலும், மாதா திருநாளும் அதே தேதியில் வருவதால் அன்று மீனுக்கு அனுமதி உண்டு. உப்பிட்ட காட் மீனை ஊறவைத்து, மாவில் தோய்த்துப் பொரித்து, பூண்டு மசியலோடு சாப்பிடுவார்கள். அந்த மீன் அவர்கள் கடலில் கிடையாது, வடக்கிலிருந்து வருவது. உப்பிட்டதால் கடற்கரையே காணாத மலைக் கிராமத்துக்கும் போய்ச் சேர்ந்தது. தோட்டத்து லயத்தில் கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?